ஐ5-8400 கணினியில் விண்டோஸ் 11 ஏறாதா?

கேள்வி: வேலூர் லாங்கு பஜாரில் கடை. டேலி (கணக்கு மென்பொருள்) மட்டும் ஓடும் ஐ5-8400, 8 ஜிபி ராம் கணினி. 'விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை' என்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11 ஏற்கும். உங்களுடையது அதில் அடக்கம். தடை பெரும்பாலும் பயாஸில்தான், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கும், அல்லது விண்டோஸ் 10 'லெகசி' என்ற பழைய பூட் முறையில் ஏறியிருக்கும்.

முதலில் டேலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

பயாஸில் 'இன்டெல் பிடிடி'யை இயக்குங்கள், இன்டெல் கணினியில் டிபிஎம் அந்தப் பெயரில்தான் இருக்கும். பிறகு விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால், பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை இயக்கினால் போதும். லெகசி என்றிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு வடிவில் இருக்கும். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்ற வேண்டும். முதலில் 'வேலிடேட்' (சோதனை), அது தேறினால் மட்டும் 'கன்வர்ட்' (மாற்றம்). டிஸ்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பிரிவு) இருந்தால் தேறாது. நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் திறக்காமல் போகலாம், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

மாற்றிய பிறகே பயாஸில் சிஎஸ்எம்மை (லெகசி முறையை அனுமதிக்கும் அமைப்பு) அணையுங்கள். முந்தி அணைத்தால் கணினி பூட் ஆகாது. பயப்பட வேண்டாம், திரும்ப இயக்கினால் வந்துவிடும்.

இன்னும் ஹார்ட் டிஸ்கில் ஓடுகிறதென்றால், முதல் செலவு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம். அது இல்லாமல் விண்டோஸ் 11 இழுத்துக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஜிஎஸ்டி, வங்கி வேலைகள் பார்க்கும் கணினியை அதில் விட்டுவைக்காதீர்கள்.