எட்டு ரூபாயும் நாலு ரூபாயும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பரதராமிக்குப் பக்கம். கொஞ்ச தூரம் போனால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் வந்துவிடும். 2025 ஜூலையில் பங்காருபாளையத்தில் மாங்காயை நடுரோட்டில் கொட்டியதை டிவியில் பார்த்தோம். அங்கே கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசே விலை அறிவித்திருந்தது. நம் பக்கத்துக் காயை உள்ளேயே விடவில்லை. விலை அறிவித்த பிறகும் ஏன் போராட்டம்? டெல்லியில் விவசாயிகள் போராடிக் கேட்ட ஆதரவு விலைச் சட்டம் வந்தால் இது தீர்ந்துவிடுமா? காய்க்கு விலை ஏற்றினால் ஜூஸ் விலை ஏறிவிடும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் பகுதியில் நிறைய தோப்புகள் குத்தகையில் ஓடுகின்றன. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

ஜூஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது வெறும் கணக்கு. பழபானம் என்று பெயர் போட்டு விற்க உணவுப் பாதுகாப்பு விதி கேட்பது குறைந்தபட்சம் 10 சதவீதப் பழச்சாறு. லிட்டருக்குச் சுமார் 100 கிராம் மாம்பழக் கூழ். கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயில் தோலும் கொட்டையும் நாரும் போனால் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறும். ஆக, 200 கிராம் காய். கிலோ 8 ரூபாய் என்றால் ஒரு லிட்டரில் காயின் பங்கு 1 ரூபாய் 60 காசு. 12 ரூபாய் ஆனால் 2 ரூபாய் 40 காசு. வித்தியாசம் 80 காசு. மனசு வந்து 20 சதவீதம் கூழ் போட்டாலும் 1 ரூபாய் 60 காசுதான் கூடும். பாட்டில் விலையில் மற்றதெல்லாம் சர்க்கரை, பிளாஸ்டிக், லாரி, விளம்பரம், கடைக் கமிஷன், வரி. காய் விலை பாதியாக விழுந்த வருஷத்தில் பாட்டில் விலை எவ்வளவு இறங்கியது என்று உங்கள் ஊர்க் கடையில் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த 12 ரூபாய். அது ஒரே விலை இல்லை. 8 ரூபாய் கூழ் ஃபேக்டரி தர வேண்டியது. 4 ரூபாய் ஆந்திர அரசு பிறகு வங்கிக் கணக்கில் போடுவது. நாலு அரசின் கையில் இருக்கிறது, எட்டு இல்லை. ஃபேக்டரிக்காரர் ஆறுக்குத்தான் எடுப்பேன் என்றால், காயை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரி கேட்டுக்கு வந்துவிட்டவரால் என்ன செய்ய முடியும்? ஃபேக்டரிகள் அறிவித்த எட்டைத் தரவில்லை என்பதுதான் அன்று விவசாயிகளின் முதல் புகார்.

ஏன் தரவில்லை என்பதற்கு ஃபேக்டரிக்குள் போக வேண்டும். முற்றிய காயை வாங்கிச் சில நாள் பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்து டிரம்மில் வைக்கிறார்கள். ஒரு டிரம் சுமார் 215 கிலோ. அது ஒன்றரை வருஷம் கெடாது. போன வருஷத்து டிரம்கள் குடோனில் நிற்கும்போது புதுக் கூழுக்கு அவசரம் இல்லை. ஃபேக்டரி ஒரு சீசனில் பாதி ஓடினாலும் பிழைத்துக்கொள்ளும். பறித்த காய்க்கு இருப்பது ஒரு வாரம். பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. 2025-ல் விளைச்சலும் கூடுதல், குடோனில் பழைய சரக்கும் கூடுதல்.

கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரியைக் கவனியுங்கள். 8 டன் காய், மேலே தார்ப்பாய். இரண்டாம் நாள் குவியலுக்குள் சூடு ஏறுகிறது, அடியில் இருப்பது நசுங்குகிறது. காம்பை ஒட்டிப் பறித்த காயில் பால் வழிந்து தோல் கருகுகிறது. அந்த இடத்தில்தான் காம்பழுகல் நோய் புகும். அதனால்தான் ஒரு சென்டிமீட்டர் காம்பு விட்டுப் பறிக்கச் சொல்வது. ஆனால் கூலி ஆளுக்கு எடைக்குத்தான் காசு, காம்புக்கு இல்லை. மூன்றாம் நாள் எடை போடும்போது, ஒரு கணக்குக்கு, 5 சதவீதம் வற்றியிருக்கிறது, இன்னொரு 5 சதவீதத்தைக் கழிவு என்று தள்ளுகிறார்கள் என்று வையுங்கள். 800 கிலோ போயிற்று. எட்டு ரூபாய் விலையில் 6,400 ரூபாய். அதற்கு மேல் வண்டி நின்ற வாடகை. இப்படிப் போவது 12 ரூபாய் அறிவிப்பில் எங்கேயும் தெரியாது.

எல்லையை மூடியதைப் பற்றி. 2025 ஜூன் 7 அன்று வந்த சித்தூர் கலெக்டரின் உத்தரவு தமிழ்நாடு, கர்நாடகக் காய்களைத் தடுத்தது. (அந்தப் பக்கம் பெங்களூராவுக்குக் ‘கலெக்டர்’ என்றே ஒரு பெயர் உண்டு. கலெக்டர் உத்தரவு கலெக்டர் காய்க்கே வந்தது.) கர்நாடக முதல்வர் கடிதம் எழுதி ஆட்சேபித்தார். உள்ளூர்க் காயே தேங்கும்போது வெளியூர்க் காய் எதற்கு என்ற அவர்கள் நியாயம் புரிகிறது. ஆனால் சித்தூரும் கிருஷ்ணகிரியும் ஒரே சந்தை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பொங்கும். அந்தக் காயெல்லாம் கிருஷ்ணகிரி ஃபேக்டரி வாசலுக்கு வந்து, அங்கேயும் விலையை இறக்கத்தான் செய்யும். தடையைக் கொண்டாடுவதும், பதில் தடை கேட்பதும் வீண் வேலை என்பது என் கட்சி.

ஆதரவு விலைச் சட்டம் வந்தால் மாங்காய்க்கு நேரடியாக ஒன்றும் வராது. மத்திய அரசு ஆதரவு விலை அறிவிப்பது 22 பயிர்களுக்கு. கரும்புக்குத் தனி விலை. மா அந்தப் பட்டியலில் இல்லை. மா போன்றவற்றுக்கு இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம். முந்தைய சாதாரண வருஷத்தைவிட விலை குறைந்தது 10 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும், மாநில அரசு எழுதிக் கேட்க வேண்டும், செலவு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. 2025-ல் விதியை மாற்றி, விளைச்சலில் 25 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், கொள்முதல் செய்யாமல் விலை வித்தியாசத்தை மட்டும் கணக்கில் போடலாம் என்று வைத்தார்கள். கர்நாடகத்துக்கு அப்படிக் கிடைத்தது இரண்டரை லட்சம் டன்னுக்கு, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய். இதைக் கேட்டு முழு விலை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வித்தியாசம் அந்த விலையில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது குவிண்டாலுக்கு 404 ரூபாய், கிலோவுக்கு 4 ரூபாய் 4 காசு. சந்தை 5 ரூபாய்க்கு விழுந்தால் கையில் வருவது ஒன்பது சொச்சம்.

கேட்பதென்றால் விலையை மட்டும் கேட்காதீர்கள். கலெக்டர், ஃபேக்டரி, விவசாயி கூடும் முத்தரப்புக் கூட்டம் காய் முற்றிய பிறகு நடந்தால் பேச எதுவும் மிஞ்சாது. ஏப்ரலிலேயே கூட்டச் சொல்லுங்கள். எந்த ஃபேக்டரி எத்தனை டன் எடுக்கும் என்று அங்கே எழுதி வாங்க வேண்டும். பறிப்பதற்கு முன்பே தேதி போட்ட டோக்கன் வேண்டும். எடைச் சீட்டில் வண்டி கேட்டுக்குள் வந்த நேரம், மொத்த எடை, வண்டி எடை, கழிவு எவ்வளவு, எதனால் என்பது அச்சாக வேண்டும். வந்த நேரமும் எடை போட்ட நேரமும் ஒரே சீட்டில் இருந்தால் காத்திருந்த நஷ்டம் யாருடையது என்று வாதாட முடியும். கேரளம் 2020-ல் 16 காய்கறி, பழங்களுக்கு உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்து அடிப்படை விலை அறிவித்தது. மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய். அங்கேயும் பயிரை முன்கூட்டியே பதிவு செய்தவருக்குத்தான் பலன்.

குத்தகைத் தோப்புகளில்தான் பெரிய சிக்கல் வரும். பூ பார்த்துத் தோப்பை எடுத்தவர் காயை ஏற்றுகிறார், எடைச் சீட்டு அவர் பேரில். நில உரிமையைக் காட்டும் சிட்டா தோப்புக்காரர் பேரில். இரண்டும் ஒத்துப்போகாததால் விலை வித்தியாசத் தொகைக்கான விண்ணப்பம் திரும்பும், அல்லது பணம் தோப்புக்காரர் கணக்கில் விழும், பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. சீட்டில் தோப்புக்காரர் பெயரையும் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பயிர்ப் பதிவேடான அடங்கலில் மா என்று பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். குத்தகைத் தாளில் ‘விலை வித்தியாசத் தொகை வந்தால் இன்னாருக்கு இவ்வளவு’ என்று ஒரு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதைப் பூ நேரத்தில், முன்பணம் கொடுக்கும் அன்றே செய்துவிடுங்கள்.