இன்ஜினியரிங் காலேஜ் நாட்கள்: சில கேள்விகள், என் பதில்கள்

1990 முதல் 1994 வரை ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கி மெக்கானிக்கல் படித்தேன். அப்புறம் கோவையில் ஒரு ஃபவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலையில் வேலை, அதன் பிறகு இன்றுவரை ஆசிரியர் பணி. அந்த நாட்களைப் பற்றிப் பழைய மாணவர்களும் பெற்றோர்களும் இப்போது படிக்கும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விருதுநகரிலிருந்து: சார், பன்னிரண்டு வரை தமிழ் மீடியத்தில் படித்த என் மகள் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். வகுப்பில் எதுவுமே புரியவில்லை என்று தினமும் போனில் அழுகிறாள். உங்கள் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்?

முதலில் மகளிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள், அம்மா. அவளுக்குப் படிப்பு வராமல் போய்விடவில்லை. விசை, முடுக்கம், திருப்புத்திறன் என்று பள்ளியில் தெளிவாகப் படித்ததெல்லாம் இப்போது வேறு பேரில், வேகமான ஆங்கிலத்தில் ஓடுகிறது. காது பழக ஒரு செமஸ்டர் ஆகும். எங்கள் பேட்சில் ப்ளஸ் டூ கணக்கில் 200க்கு 200 வாங்கி வந்த தமிழ் மீடியம் பையன்களே முதல் இன்டர்னலில் ஒற்றை இலக்க மார்க் வாங்கினார்கள். அவர்களில் பலர் மூன்றாம் வருடத்தில் மற்றவர்களுக்குத் தெர்மோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கேள்விகள் எந்தச் சொல்லில் தொடங்குகின்றன என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். டிஃபைன், டிரைவ், ஸ்டேட், டிஸ்டிங்விஷ், எக்ஸ்ப்ளெயின் வித் எ நீட் ஸ்கெட்ச் என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். எதற்கு என்ன எழுத வேண்டும் என்று பிடிபட்டால் பாதி பயம் போய்விடும். டிரைவ் என்று வந்தால் படம், அனுமானங்கள், சமன்பாடு, கடைசி விடை என்று போக வேண்டும். விளக்கக் கேள்வி என்றால் படத்தை முதலில் போட்டு, பாகங்களைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு சின்ன வாக்கியம் எழுதினாலே விடை நிரம்பிவிடும். ஆங்கில இலக்கணம் கொஞ்சம் பிசகினால் யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை. நானே பேப்பர் திருத்துகிறவன், அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்று, அவள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து அன்றைய பாடத்தைத் தமிழில் பேசிக்கொள்ளட்டும். ஒரு பொருளின் மேல் வரும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகக் காட்டும் ஃப்ரீ பாடி டயக்ரம் வகுப்பில் எனக்குப் பிடிபடவே இல்லை. அறைத்தோழன் ஒரு ஸ்கேலை எடுத்துச் சுவரில் ஏணி மாதிரி சாய்த்து வைத்தான். "சுவரை மறந்துடு, தரையை மறந்துடு. சுவர் இதை எந்தப் பக்கம் தள்ளுது, தரை எந்தப் பக்கம் தள்ளுது, அந்த அம்புக்குறியை மட்டும் போடு" என்றான். அன்றைக்குத்தான் புரிந்தது. அவனும் தமிழ் மீடியம்தான், எனக்கு ஒரு வாரம் முந்திப் புரிந்துகொண்டவன், அவ்வளவுதான். அப்படி ஒரு தோழி உங்கள் மகளுக்கும் கிடைப்பாள். வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின் வந்துவிட்டது, 3டி பிரிண்டர் வந்துவிட்டது. ஒர்க்ஷாப்பில் வாரா வாரம் அரம் பிடித்து இரும்பைத் தேய்த்தது வீண்தானே?

இல்லவே இல்லை. அந்த நாலு வருடத்தில் எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால் ஒர்க்ஷாப்பைத்தான் முதலில் சொல்வேன்.

ஃபிட்டிங்கில் என்ன செய்தோம்? இரண்டு மைல்ட் ஸ்டீல் தகடு. ஒன்றில் வி வடிவப் பள்ளம், இன்னொன்றில் அதற்குள் உட்காரும் முனை. ஹேக்ஸாவால் அறுத்து, வைஸில் இறுக்கி, அரத்தால் ராவ வேண்டும். அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். இது தெரியாமல் முன்னும் பின்னும் தேய்த்து முதல் நாளே உள்ளங்கையில் கொப்புளம் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு விளிம்பை முடித்ததும் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் இன்னும் மேடு இருக்கிறது. அந்த மேட்டை எடுக்கப் போய் பக்கத்தில் பள்ளமாகும். அதைச் சரிசெய்யப் போனால் தகட்டின் அளவே குறைந்துவிடும். கடைசியில் இரண்டையும் சேர்த்தால் ஆடாமல் உட்கார வேண்டும்.

டிராயிங்கில் ஒரு அளவுக்குப் பக்கத்தில் 0.1 மில்லிமீட்டர் டாலரன்ஸ், அதாவது அளவு அவ்வளவுதான் பிசகலாம் என்று போட ஒரு நொடி போதும். ஆனால் அதைச் செய்து கொடுக்கிறவருக்கு என்ன பாடு என்பது அரம் பிடித்தவனுக்குத்தான் தெரியும். தேவையில்லாத இடத்தில் அவன் இறுக்கமான அளவு போடமாட்டான். சிஎன்சி வந்த பிறகும் இது மாறவில்லை. இறுக்கமான அளவு கேட்டால் இன்றும் நேரம் கூடும், விலை கூடும்.

மண்ணில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டிங் ஷாப்பும் அப்படித்தான். மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து காட்டுவார். விரல் தடம் பதிந்திருக்க வேண்டும். இரண்டாக உடைத்தால் ஓரம் பொலபொலவென்று உதிரக்கூடாது. ஈரம் கூடினால் உருகிய உலோகம் பட்டதும் நீராவி கிளம்பி வார்ப்புக்குள் குமிழ் குமிழாக ஓட்டை விழும். பிறகு நான் வேலைக்குப் போன ஃபவுண்டரியில் மண் சோதிக்கக் கருவி எல்லாம் இருந்தது. ஆனாலும் ஷிஃப்ட் தொடங்கும்போது மூத்த மோல்டர் அதே மாதிரி ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். அவர் பேசியது எனக்கு முதல் நாளே புரிந்தது என்றால் காரணம் அந்த இன்ஸ்ட்ரக்டர்தான். ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர்கள் பெரும்பாலும் ஐடிஐ படித்து வந்தவர்கள். பிரிவு உபசார விழாவில் மேடையில் அவர்களுக்கு நாற்காலி போட்டதில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்.

ஈரோட்டிலிருந்து: அந்தக் காலத்தில் கட்-ஆஃப் 300க்கு என்கிறார்கள். இப்போது 200க்குத்தானே?

நுழைவுத் தேர்வுக்கு 100 சேர்ந்ததால் 300. ப்ளஸ் டூ கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. தமிழ்நாட்டில் 1984ல் வந்த அந்த நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. கோச்சிங் வகுப்பே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போனது நல்லதே.

தற்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர், மதுரை: கம்ப்யூட்டர் லேப் எப்படி இருந்தது, சார்?

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தம்பி. கல்லூரியிலேயே ஏசி ஓடிய அறைகளில் அது ஒன்று. ஒரு மெஷினுக்கு இரண்டு மூன்று பேர். ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் ப்ரோக்ராம் எழுதினோம். அதில் ஒவ்வொரு வரியிலும் ஏழாவது எழுத்துக் கட்டத்திலிருந்துதான் கட்டளையைத் தொடங்க வேண்டும், 72க்கு மேல் போனால் மெஷின் கண்டுகொள்ளாது. முதல் ஐந்து கட்டம் வரி எண்ணுக்கு, ஆறாவது கட்டம் மேல் வரியின் தொடர்ச்சி என்று காட்ட. மெஷின் நேரம் குறைவு என்பதால் ப்ரோக்ராமை விடுதி அறையிலேயே பேப்பரில் எழுதி, பென்சிலால் ஓட்டிப் பார்த்து, தப்பு திருத்திவிட்டுப் போவோம். இன்றைய பிள்ளைகளுக்கும் அதை ஒரு தடவையாவது செய்யச் சொல்கிறேன். எந்த வரியில் எந்த மாறிக்கு என்ன மதிப்பு என்று கையால் எழுதிப் பார்த்தால் லூப் நன்றாகப் புரியும்.

கோவையிலிருந்து: அவிநாசி ரோட்டில் 'ஹோப் காலேஜ்' ஸ்டாப் இருக்கிறது. அந்தப் பேரில் கல்லூரியைக் காணோமே, ஐயா?

நல்ல கேள்வி. 1945ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியிலும் நன்கொடையிலும் அங்கே தொடங்கியது ஆர்தர் ஹோப் பெயரிலான பொறியியல் கல்லூரி. ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். பின்னாளில் கல்லூரி தடாகம் ரோட்டுக்கு மாறியது. இன்றைய ஜிசிடி, அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதுதான். ஸ்டாப்புக்கு மட்டும் பழைய பேர் நின்றுவிட்டது.

நாயுடுதான் அதன் முதல்வராக இருந்தார். பொறியியல் படிக்க நாலு வருடம் தேவையில்லை, இரண்டே வருடம் போதும் என்பது அவர் வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் பதவியை விட்டுவிட்டார். பாடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விருதுநகர் அம்மாவின் மகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடப் படிப்பாக இருந்தால் ஆங்கிலம் பிடிபடும் நேரத்தில் படிப்பே முடிந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு மூன்றாம் வருடம்தான் மலரும் வருடம். அதனால் இந்த ஒன்றில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

திருச்சியிலிருந்து: ராகிங்தான் சீனியர்-ஜூனியர் நட்பை வளர்த்தது என்று என் பேட்ச்மேட்டுகள் இப்போதும் பெருமையாகப் பேசுகிறார்கள். நீங்கள்?

அந்தப் பெருமையை நான் ஏற்கவில்லை. புத்தகம் கொடுத்த சீனியர், படம் வரையும் கருவியான டிராஃப்டர் கொடுத்த சீனியர், காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சீனியர், நட்பு வந்தது இவர்களால். ராத்திரி அறைக் கதவைத் தட்டியவர்களால் வரவில்லை. மூன்றாம் வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பி வராத பையன்கள் பல கல்லூரிகளில் உண்டு. பழைய மாணவர் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. அதனால்தான் பெருமை பேசுகிறவர்கள் குரல் மட்டும் கேட்கிறது.

1996ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இப்போது யாருக்காவது நடந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து: ஹாஸ்டலில் 'டிவைடிங் சிஸ்டம்' என்பார்களே, அது இப்போதும் இருக்கிறதா?

சில அரசுக் கல்லூரி விடுதிகளில் இருக்கிறது. மாதத்து மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, எல்லாரும் சாப்பிட்ட நாட்களின் மொத்தத்தால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வரும். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் கழியும். மெஸ் பிரதிநிதிகள் விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை பேரம் பேசுவார்கள். ஸ்டோர் நோட்டை ஆளுக்கு ஒரு மாதம் பார்ப்பார்கள். பருப்பு விலை ஏறினால் பில் ஏறும், அதனால் எல்லாருக்கும் எல்லாக் கணக்கும் தெரியும். காண்ட்ராக்ட் மெஸ்ஸில் இந்தப் பொறுப்பு மாணவர் கைக்கு வராது.

நாகர்கோவிலிலிருந்து: என் அம்மா 1980களில் சிவில் படித்தவர். வகுப்பில் இரண்டே பெண்களாம். பெண்கள் எப்போது இன்ஜினியரிங் படிக்க ஆரம்பித்தார்கள்?

இங்கே 1940ல். 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, பின்னாளில் கிண்டிக்கு வந்த பொறியியல் கல்லூரியில் அ. லலிதா எலக்ட்ரிக்கல் சேர்ந்தார். பதினெட்டு வயதில், கையில் பச்சைக் குழந்தையோடு கணவரை இழந்தவர். அவர் தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர், அவர்தான் முன்னின்று கேட்டுச் சேர்த்தார். பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சிவிலில் சேர்ந்தார்கள். சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்திருந்ததால், அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெண் என்று கையால் திருத்திக் கொடுத்தார்கள். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் சந்தோஷப்படுவார்.

இப்போது மூன்றாம் ஆண்டு, சேலம்: அண்ணா, மூன்று அரியர் இருக்கிறது. அதில் இரண்டு கணக்கு. வீட்டில் சொல்லவில்லை.

முதலில் வீட்டில் சொல்லிவிடு. அப்புறம் கணக்கை எடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். விடைத்தாள் நகல் வாங்கி எங்கே மார்க் போனது என்று உன் டிபார்ட்மென்ட் ஆசிரியர் ஒருவரிடம் காட்டு. முக்கால்வாசி நேரம் ஒரே இரண்டு யூனிட்டில்தான் விழுந்திருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் அரியர் இருந்தாலே சேர்க்காத கம்பெனிகள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கேம்பஸில் கிடைக்காத எங்கள் பேட்ச் ஆட்கள் பலர் பம்ப் கம்பெனிகளிலும் லேத் பட்டறைகளிலும் தொடங்கி இன்று சொந்த யூனிட் நடத்துகிறார்கள்.

எங்கள் பேட்ச் வெள்ளி விழாவுக்குக் கூடுகிறது, கரூர்: கல்லூரிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். கல்வெட்டு வைக்கலாமா, வளைவு கட்டலாமா?

இரண்டும் வேண்டாம். கேட்டதற்கு நன்றி, இதைப் பல பேட்சுகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் பட்டதாரிச் சலுகை டியூஷன் ஃபீஸுக்குத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் விடுதிச் செலவையும் அரசு ஏற்கிறது. அதில் வராத ஏழைப் பிள்ளைகள் மெஸ் பில் கட்ட முடியாமல் திண்டாடுவது இன்றும் நடக்கிறது. பாக்கி நின்றால் ஹால் டிக்கெட் வாங்கும் நேரத்தில் தலை குனிந்து நிற்பார்கள். உங்கள் பேட்ச் ஒரு தொகையை வங்கியில் போட்டு, வட்டியிலிருந்து ஒவ்வொரு செமஸ்டரும் அந்த பாக்கியை அடைக்கலாம். யாருக்கு என்று வார்டனும் ஒரு ஆசிரியரும் முடிவு செய்யட்டும். பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுக் காசோலை கொடுக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். பணம் மிஞ்சினால் முதல் வருடப் பிள்ளைகளுக்கு டிராஃப்டரும் கால்குலேட்டரும் வாங்கி லைப்ரரியில் வையுங்கள், புத்தகம் மாதிரி எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கட்டும். விழா அன்றைக்கு ஓய்வுபெற்ற ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டி வாருங்கள். அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.