பாறை தெரியும் காலத்தில் விக்டோரியா அருவி

கேள்வி: எங்களுக்கு அக்டோபர் இறுதியில்தான் விடுமுறை கிடைக்கிறது. விக்டோரியா அருவிக்குப் போக எண்ணியிருந்தோம். ஆனால், அதே மாதத்தில் போய்வந்த உறவினர் ஒருவர், "வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்கிறார். பயணத்தைத் தள்ளிப்போடலாமா? அருவியின் உச்சியிலேயே குளிக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் தவறில்லை, அவர் பெரும்பாலும் ஜாம்பியா கரையில் மட்டும் நின்று பார்த்திருப்பார். ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலமுள்ள இந்த அருவியை ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே அருவியாக விழும் ஜாம்பேசி ஆற்றின் படுகை எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லை. மேற்கு ஓரத்தில், ஜிம்பாப்வே பக்கமுள்ள 'டெவில்ஸ் கேட்டராக்ட்' என்னும் பகுதியின் விளிம்பு மற்ற இடங்களைவிடத் தாழ்ந்திருப்பதால், வற்றிய ஆற்றின் நீர் அங்கேயும் அதையடுத்த முதன்மை அருவியிலும் விழுந்துகொண்டே இருக்கும். ஜாம்பியா பக்கத்துக் கிழக்கு அருவியோ அக்டோபர், நவம்பரில் ஏறக்குறைய வறண்டுவிடும். போதாக்குறைக்கு, அந்நாட்டின் நீர்மின் நிலையமும் அதற்குச் சற்று மேலிருந்துதான் தண்ணீரை எடுக்கிறது.

ஆகவே தள்ளிப்போட வேண்டாம். ஜிம்பாப்வே பக்கம் போங்கள். ஏப்ரலில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சாரல் 400 மீட்டர் உயரத்துக்கும் எழும்பும் என்பதும், 'இடிமுழக்கும் புகை' என்ற பொருளில் 'மோசி-ஓவா-துன்யா' என உள்ளூர் மக்கள் பெயரிட்டது அதைப் பார்த்துத்தான் என்பதும் உண்மையே. ஆனால் அந்த நாள்களில் எதிரே நிற்பவர் தொப்பலாக நனைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரும்பாலும் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பார். நீர் குறைந்த காலத்தில் அந்தத் திரை விலகிவிடுகிறது. 100 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் கருநிற எரிமலைப் பாறைச் சுவரும், அதன் வெடிப்புகளில் நூல் நூலாக இறங்கும் நீரும், பள்ளத்தின் அடித்தளமும் தெளிவாகத் தெரியும். ஆறு பாறையின் பிளவுகளை அரித்து அரித்து, அருவியையே காலப்போக்கில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் உணர முடிகிறது. என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவருக்கு ஏப்ரலைவிட ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே பொருத்தம். அப்போது நீரும் இருக்கும், பார்வையும் மறையாது. அக்டோபர் அதற்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

உச்சியில் குளிப்பதும் உண்மைதான். 'டெவில்ஸ் பூல்' எனப்படும் அந்தக் குளம் ஜாம்பியா பக்கத்தில், 1855-இல் ஸ்காட்லாந்து ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டன் அருவியைக் கண்ட தீவை ஒட்டி, விளிம்பிலேயே இருக்கிறது. நீருக்குள் இருக்கும் பாறை வரம்பு, குளிப்பவரை வெள்ளம் இழுத்துப்போகாமல் தடுக்கிறது. ஆறு வற்றியிருக்கும் மாதங்களில், வழிகாட்டியுடன் மட்டுமே அங்கே அனுமதிப்பார்கள். நன்றாக நீந்தத் தெரியாதவர்களும் சிறுவர்களும் தவிர்ப்பதே நல்லது.

அக்டோபரில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால், வாயிற்கதவு திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். மறுகரையையும் பார்க்க விரும்பினால், 1905-இல் கட்டப்பட்ட பாலத்தின் வழியே நடந்தே போகலாம். ஆனால் அது நாட்டெல்லை, இரு பக்கத்துப் பூங்காக்களுக்கும் நுழைவுக் கட்டணம் தனித்தனி. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டால், திரும்பி வர மீண்டும் விசா எடுக்க வேண்டியிருக்கும். எனவே, இரு நாடுகளுக்கும் பொதுவான 'காசா' (KAZA) விசா உங்கள் கடவுச்சீட்டுக்குக் கிடைக்குமா என்று புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஜாம்பியா கரையில் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையில் பபூன் குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டப் பை இருந்தால் பறித்துக்கொண்டு போய்விடும்.