பலன் கருதாத ஷெர்பா

அன்புள்ள ஐயா,

சென்ற ஏப்ரலில் எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடந்துபோய் வந்தேன். எங்கள் ஷெர்பா என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தார். எனக்கு முன்னால் எழுந்தார், எனக்குப் பின்னால் படுத்தார், ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. பலன் கருதாத செயல் என்று கீதை சொல்வதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். பத்து வருட தியான வகுப்பில் கிடைக்காதது இது. இரண்டு மாதம் ஒரு ஷெர்பா கிராமத்தில் தங்கி அந்த மனநிலையைக் கற்றுக்கொள்ளலாமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் 'பலன் கருதாத' என்பதை ஈரோட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவர் கூலிக்குத்தான் வந்தார். அதில் குறைவு ஒன்றுமில்லை.

ஷெர்பா என்பது வேலையின் பெயர் அல்ல, ஓர் இனத்தின் பெயர். 'கிழக்கிலிருந்து வந்தவர்கள்' என்று பொருள். (ஜி-20 நாடுகள் தங்கள் பிரதிநிதியை ஷெர்பா என்று அழைக்கின்றன. சுமை தூக்கிக்கொடுப்பவர் என்ற பொருளில்தான்!) பல நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து எவரெஸ்டின் தெற்கே உள்ள கும்பு பகுதிக்கு வந்தவர்கள் யாக் மேய்த்தார்கள், கணவாய் தாண்டி வியாபாரம் செய்தார்கள், பிறகு உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். சிகரம் ஏறவில்லை. அது தெய்வத்தின் வீடு. வெள்ளைக்காரர்கள் டார்ஜிலிங்கில் கூலிக்கு ஆள் எடுத்த பிறகுதான் ஏறத் தொடங்கினார்கள். 1922 எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் சுமைதூக்கிகள்.

2014 ஏப்ரல் 18 அன்று அடிவார முகாமுக்கு மேலே ஏறும் வழியில், பாளம் பாளமாக உடைந்து இறங்கும் பனியாறான கும்பு பனியருவியில் சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் ஷெர்பாக்கள். அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். நீங்கள் பார்த்த அதே சிரித்த முகங்கள் கோரிக்கைப் பட்டியல் எழுதிக்கொடுத்து, அந்தப் பருவத்தின் ஏற்றத்தையே நிறுத்தின. 'செத்தவர்கள் மேல் மிதித்துக்கொண்டு போகமாட்டோம்' என்பதும் 'காப்பீட்டை உயர்த்து' என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தன. நமக்குத்தான் பக்தி ஒரு அறையிலும் கூலி இன்னொரு அறையிலும் இருக்கவேண்டும்.

நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது வேறொன்று. பொதுவாக மலையேறும் குழு எதுவும் முகாமில் பூஜை முடியாமல் பனியருவிக்குள் போகாது. அவர்களும் பூஜை என்றேதான் சொல்கிறார்கள். கற்களை அடுக்கி ஒரு மேடை. நடுவில் நட்ட கம்பத்திலிருந்து நாலாபுறமும் மந்திரக்கொடிகள். ஜூனிபர் தழை புகைந்துகொண்டிருக்க, லாமா ஏட்டைப் பார்த்து ஓதுவார். மேடையில் சாய்த்து வைத்திருப்பவை பனிக்கோடாரிகளும் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்தகடுகளும். கடைசியில் வறுத்த வாற்கோதுமை மாவை ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள்.

அந்த முள்தகடுகளை நினைத்துப் பாருங்கள். அந்த மலையில் குடியிருப்பவள் மியோலாங்சாங்மா, புலிமேல் அமர்ந்து அள்ளித் தருபவள். அவள் உடம்பில் இதைத்தான் குத்தி ஏறப்போகிறார்கள். தவிர்க்க வழியில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் குத்தப்போகிற கருவியையே அவள் முன்னால் வைத்து முன்கூட்டி மன்னிப்புக் கேட்கிறார்கள். செய்வது பிழை என்று தெரிந்து, அதை நியாயப்படுத்தாமல், செய்யாமலும் இருக்க முடியாமல் நிற்கும் அந்த இடம் எனக்குப் பற்றற்ற ஞானியைவிடப் பழக்கமானது. 1953 மே 29 அன்று உச்சியில் டென்சிங் நோர்கே பனியைத் தோண்டி மிட்டாய்களைப் படையலாகப் புதைத்தார். மகள் கொடுத்தனுப்பிய பென்சிலையும் கூடவே வைத்தார்.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் கடிதம் முழுக்க அவர் 'எங்கள் ஷெர்பா'வாகவே வருகிறார். பெயர் என்ன? அங்கே பலருக்குப் பிறந்த கிழமையே பெயர். நீமா என்றால் ஞாயிறு, தாவா திங்கள், பாசாங் வெள்ளி. தொலைபேசி எண் இருந்தால் இன்றே கூப்பிட்டு, இரண்டு மாதம் தங்க அவர் ஊரில் இடம் கிடைக்குமா, வாடகை எவ்வளவு என்று கேளுங்கள்.