வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு ஐரிஷ் பெயர்: கேள்வியும் பதிலும்

ஐரிஷ் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்களும், அந்தப் பெயர்கள் மேல் ஆசைப்பட்டவர்களும் கேட்ட கேள்விகள் இவை. டப்ளினில் குடியிருந்து ஐரிஷ் மொழி படித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். மாமியார் 'நீவ்' என்று வைக்கச் சொல்கிறார். ஆனால் எழுத்து என், ஐ, ஏ, எம், எச். பள்ளிக்கூடத்தில் 'நியாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என், டபுள் ஈ, வி என்று மாற்றி எழுதிவிடலாமா?

வேண்டாம். ஐரிஷ் மொழியின் பழைய எழுத்து வரிசையில் மொத்தமே பதினெட்டு எழுத்துதான், அதில் 'வி' கிடையாது. 'வ' ஒலி வேண்டுமென்றால் 'பி'க்கோ (B) 'எம்'முக்கோ பக்கத்தில் 'எச்' போடுவார்கள். முன்பு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள், அந்தப் புள்ளிதான் பிறகு 'எச்' ஆனது. இன்னொரு விதி: 'எஸ்' பக்கத்தில் 'ஐ' அல்லது 'ஈ' வந்தால் அது 'ஷ'. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் ஷிவான், ஷினேட், சைவ், நீவ் எல்லாமே ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது புரியும்.

ஆசிரியருக்கு ஒரு தடவை சொன்னால் போதும், ஓரசைப் பெயர், மறக்காது. நீங்களாக ஒரு எழுத்துக்கூட்டல் செய்து வைத்தால், பாட்டி ஊருக்குப் போகும்போது அங்கே யாருக்கும் அது தங்கள் பெயராகத் தெரியாது. நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: அயர்லாந்துக்காரர்களே புழங்குகிற எழுத்தா? அப்படியானால் எதை வேண்டுமானாலும் எடுங்கள். மேவ், ஓர்லா, ஏடன், டெர்மட் எல்லாம் ஆங்கிலத்துக்குத் தோதாக மாறி, அந்த நாட்டிலேயே பழகிப்போன வடிவங்கள். வீட்டில் நாமே உட்கார்ந்து செய்தது மட்டும் வேண்டாம்.

மெல்போர்னில் இருக்கிறோம். விளக்கம் சொல்லவே தேவைப்படாத பெயர்கள் இருக்கிறதா?

தாராளமாக. ரோனன், டெக்லன், கானர், ஃபின், நோரா, மேவ், ஓர்லா. ரோனன் என்றால் குட்டிக் கடல்நாய். டெக்லன், வாட்டர்ஃபோர்ட் பக்கம் ஆர்ட்மோரில் இருந்த புனிதரின் பெயர். 'சி'யில் தொடங்கும் பெயர்களில் மட்டும் கவனம் தேவை, ஐரிஷில் 'சி' எப்போதும் 'க' தான். கிலியனை இப்போது நடிகர் கிலியன் மர்ஃபி புண்ணியத்தில் உலகமே சரியாகச் சொல்கிறது. கீராவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே எழுத்தில் ஓர் அமெரிக்கப் பாடகி 'சியாரா' என்று பிரபலமாகிவிட்டதால், அமெரிக்காவில் கீரா என்று வைத்தால் தினமும் திருத்த வேண்டியிருக்கும்.

சிகாகோவில் என் கணவர் வீட்டில் எல்லோரும் காலீன், எரின், ஷானன் என்கிறார்கள். இவை நல்ல ஐரிஷ் பெயர்கள்தானே?

அமெரிக்க ஐரிஷ் பெயர்கள். காலீன் என்பது 'பெண்பிள்ளை' என்ற சாதாரணச் சொல், எரின் நாட்டின் பெயர், ஷானன் ஓர் ஆறு. கடல் தாண்டிப் போனவர்கள் ஊர் நினைப்பில் வைத்தவை, அவற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தாத்தா பாட்டி அப்படி வைத்திருந்தால் தயங்காமல் வையுங்கள். ஆனால் டப்ளினில் காலீன் என்றால் "அமெரிக்காவா?" என்று கேட்பார்கள்.

லண்டனிலிருந்து: ஷான் என்ற பெயரில் 'ஏ' மேல் சாய்கோடு போட வேண்டுமா? பாஸ்போர்ட்டில் பிரச்சினை வருமா?

அந்தக் கோட்டுக்குப் பெயர் ஃபாடா. உயிரொலியை நீட்டுவதற்கு அதுதான் அடையாளம், நமக்குக் குறில் நெடில் போல. கோட்டை எடுத்துவிட்டால் அந்த எழுத்துகள் 'பழைய', 'வயதான' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். ஆகவே பதிவு அலுவலகம் ஏற்றுக்கொண்டால் பிறப்புச் சான்றிதழில் கோட்டோடு எழுதுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும். அதில் எந்த நாட்டுக்காரருக்கும் கோடு, புள்ளி எதுவும் வராது. விமான டிக்கெட்டும் அப்படியே கோடில்லாமல் எடுங்கள்.

பாஸ்டனிலிருந்து எழுதுகிறேன். கணவரின் கொள்ளுத்தாத்தா கெர்ரி மாவட்டத்துக்காரர், பெயர் ஜெரமையா. அவர் நினைவாக ஒரு ஐரிஷ் பெயர் வைக்க ஆசை. ஆனால் ஜெரமையா பைபிள் பெயர் ஆயிற்றே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. கெர்ரி, கார்க் பகுதியில் ஜெரமையா என்று பதிவேட்டில் இருந்தால், வீட்டில் அவரைப் பெரும்பாலும் டீர்மிட் என்று கூப்பிட்டிருப்பார்கள். கோவில் பதிவேடு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தது. நிலக்கிழாரின் குத்தகைக் கணக்கு ஆங்கிலத்தில். 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளும் ஆங்கிலத்தில். எழுதுகிறவர் காதுக்கு ஓரளவு ஒத்துவந்த ஏதாவது ஒரு பெயரை எழுதிக்கொண்டார். டீர்மிட் ஜெரமையா ஆனார், டைக் திமோத்தி ஆனார், கானர் கொர்னேலியஸ் ஆனார். தேனீக்களின் காவல் புனிதையான கோப்னிட்டின் பெயர் கொண்ட பெண்கள் அபிகேல் என்றும் டெபோரா என்றும் பதிவானார்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். அயர்லாந்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குத் தாள்களை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குடும்பம் அப்போது அங்கே இருந்திருந்தால், கூடப் பிறந்தவர்களில் ஒரு திமோத்தி, ஒரு கொர்னேலியஸ் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் நான் சொல்வது கிட்டத்தட்ட உறுதி. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஜெரமையா வந்துகொண்டே இருப்பார். பிள்ளைக்கு டீர்மிட் என்றே வையுங்கள், எழுத்து கடினமாகத் தோன்றினால் டெர்மட். கொள்ளுத்தாத்தாவை அவர் அம்மா கூப்பிட்ட பெயர் அதுவாக இருந்திருக்கும். பதிவேட்டுக்காரர் எழுதியதைவிட எனக்கு அதுதான் பெரிது.

ஒரே பெண் பெயர், உச்சரிப்பு கீவாவா, குவீவாவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி. வடக்கே அல்ஸ்டர் பக்கம் கீவா, தெற்கே குவீவா என்பதையும் கேட்கலாம். கணவரின் ஊர் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். சீர்ஷா, சர்ஷா என்று இரண்டு விதமாகச் சொல்லப்படும், 'சுதந்திரம்' என்று பொருள்படும் பெயரும் அப்படித்தான்.

எங்களுக்கு ஐரிஷ் உறவே கிடையாது. வைக்கலாமா?

வைக்கலாம். ஷான், ஷிவான், ஷினேட் மூன்றுமே நார்மன் பிரெஞ்சுக்காரர்களோடு வந்த பெயர்கள்தான். லியம் என்பது வில்லியமின் சுருக்கம், அது 2017 முதல் பல வருடங்கள் அமெரிக்காவில் ஆண்குழந்தைப் பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. கதையை மட்டும் தெரிந்துகொண்டு வையுங்கள். டீர்த்ரா கேட்க அழகு, ஆனால் ஐரிஷ் புராணத்தில் அவள் பிறக்கும் முன்பே துயரம் குறிக்கப்பட்டவள். டைக் அயர்லாந்தில் நன்றாகப் புழங்கும் பெயர், ஆனால் வட அயர்லாந்தில் கத்தோலிக்கரைத் திட்டும் சொல் அதிலிருந்து வந்தது. பெல்ஃபாஸ்டில் குடியேறப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

கணவர் கார்க், நான் மதுரை. இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற பெயர்?

அனு. ஐரிஷ் புராணத்தில் அவள் தேவி, கெர்ரியில் இரட்டை மலைக்கு அவள் பெயர். தாரா, மீத் மாவட்டத்தில் அரசர்கள் பட்டம் ஏற்ற குன்று. பையன் என்றால் ஆரன், கால்வே வளைகுடாத் தீவுகளின் பெயர். உங்கள் அம்மா அரன் என்று கூப்பிட்டாலும் சிவன் பெயராகிவிடும். ஆன்யாவும் இரு பக்கமும் சிரமமில்லாமல் வாயில் வரும்.

இரட்டைக் குழந்தைகள், ஒன்று ஆண், ஒன்று பெண். உஷீன், நீவ் என்று முடிவு செய்துவிட்டோம். சரிதானே?

ஐயோ, வேண்டாம்! கதையில் அவர்கள் காதலர்கள். நீவ் வெள்ளைக் குதிரையில் வந்து உஷீனை என்றும் இளமை மாறாத நாட்டுக்குக் கூட்டிப் போகிறாள். அயர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை தெரியும். புராணத்திலேயே இரட்டையர் வேண்டுமென்றால் லிர் மன்னனின் பிள்ளைகள் ஃபினூலாவும் 'ஏ'யும் இருக்கிறார்கள். மாற்றாந்தாய் சாபத்தால் அன்னமாகிப் போனவர்கள், கதை சோகம்தான். ஆனால் குளிரில் தம்பிகளைச் சிறகுக்குள் வைத்துக் காத்தவள் ஃபினூலா, அதனால் அந்தப் பெயரை நான் மனதாரச் சொல்வேன். 'ஏ' என்ற ஒற்றை ஒலி வெளிநாட்டில் தாங்காது, அதற்குச் செல்ல வடிவமான ஏடனை எடுங்கள். ஃபினூலா, ஏடன். மூத்தவர் யார் என்று பிறந்த பிறகு சொல்லுங்கள்.