டிரெய்லருக்கு லித்தியம் பேட்டரி தேவையா?

தம்பி, பழைய கேம்பிங் டிரெய்லர் வாங்கியிருக்கிறீர்கள், ஹீட்டர் போட்டுப் படுத்தால் விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது, லித்தியத்துக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் மின் இணைப்புள்ள இடமாகப் பார்த்துத்தான் முன்பதிவு செய்வீர்கள் என்றால் மாற வேண்டாம். சாதாரண டீப் சைக்கிள் பேட்டரி (நீண்ட நேரம் சீராக மின்சாரம் தரும் ஈய-அமில பேட்டரி) ஒன்றே தாராளம்.

மின்சாரம் இல்லாத இடம்தான் பிடிக்கும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட்டர் எரிவது புரோப்பேனில்தான். ஆனால் அதன் விசிறி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். அக்டோபர் இரவில் ஐந்து மணி நேரம் சுற்றினாலே கிட்டத்தட்ட 40 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய மின் அளவு) காலி. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குறையும். ஆக, 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஓர் இரவுக்குத்தான் தாங்கும்.

என்னைக் கேட்டால், கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்து, 12 வோல்ட்டாக இணைத்துவிடுங்கள். 200 ஆம்பியர்-அவருக்கு மேல் கிடைக்கும். கனம் அதிகம், தனியாகத் தூக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக வாங்கிய புதியவையாக இருக்கட்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

லித்தியம் எடை குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் பழுதாகும். உங்கள் பழைய டிரெய்லரின் சார்ஜரோ ஈயத்துக்கென்று அமைத்தது; லித்தியத்தை முழுதாக ஏற்ற அதையும் மாற்ற வேண்டியிருக்கும். கடையில் பேட்டரியின் விலையை மட்டும்தான் சொல்வார்கள்.

ஈய-அமில பேட்டரியின் பராமரிப்பில் முக்கியம் தண்ணீர். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே, அதுவும் முழுதாக சார்ஜ் ஏறிய பிறகு. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் நீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவுக்கு முன்கூட்டியே ஊற்றலாம். உள்ளே இருப்பது அமிலம்; பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் குனியவே கூடாது. சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் என்பது நிறைவு, 12.1 ஏறக்குறைய பாதி.

குளிர்காலம்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது. முழு சார்ஜில் இருக்கும் ஈய பேட்டரி இங்குள்ள குளிரில் உறையாது; வெறுமையானது மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து ஓடு வெடித்துவிடும். எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் எரிவாயு கசிவு எச்சரிப்பான் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எனவே டிரெய்லரை நிறுத்தி வைக்கும்போது முழுதாக சார்ஜ் ஏற்றி, முதலில் மைனஸ் (எதிர்மின்) முனை வயரைக் கழற்றிவிடுங்கள்.

பழைய பேட்டரிகளைத் தூக்கி எறியாதீர்கள். புதியது வாங்கும் கடையில் கொடுத்தால், பில்லில் சேர்க்கும் முன்வைப்புத் தொகையைக் கழித்துவிடுவார்கள்.