லாக்டோமீட்டர் 28 காட்டினால் பால் நல்ல பாலா?
(வாங்குவோர் கேள்வி-பதில்)

பேரன் பிறந்தநாளுக்குப் பால் பாயசம் வைத்தேன். நீல பாக்கெட் ஆவின் பால். எவ்வளவு சுண்டினாலும் திக்காகவே இல்லை. கலப்படமா?
– ஓர் ஆச்சி, கண்டனூர்

இல்லை ஆச்சி. நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான். பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பாயசத்துக்கு ஆரஞ்சு வாங்குங்கள்.

டூவீலரில் கேன் கட்டி வரும் பால்காரர் தினமும் லாக்டோமீட்டர் போட்டுக் காட்டுகிறார். நல்ல பாலுக்கான எண் என்று சொல்லும் 28-ல் நிற்கிறது. ஆனால் ஆடை படிவதில்லை, தயிரும் தண்ணீராக இருக்கிறது. நகராட்சிக்கு மனு கொடுத்தும் பதில் இல்லை.
– வாசகர், தேவகோட்டை

ஆடை படியவில்லை என்று கண்ணால் பார்க்கிறீர்கள், அதை நம்புங்கள். இந்த லாக்டோமீட்டர் விவகாரத்தில் எனக்குப் பல வருஷத்து ஆதங்கம் உண்டு. அந்தக் கருவி பாலின் அடர்த்தியை மட்டும்தான் சொல்லும். தண்ணீர் ஊற்றினால் எண் இறங்கும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், அதை எடுத்துவிட்டால் எண் ஏறும். முதலில் கொழுப்பை எடுத்து, அப்புறம் அளவாகத் தண்ணீர் ஊற்றினால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சர்க்கரையோ உப்போ கரைத்தும் ஏற்றலாம். உங்கள் பாலில் முதல் வகை வேலை நடந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கருவியே பழுதாகவும் இருக்கலாம். நான் காசு கொடுத்து வாங்கிய ஒன்று, 0 காட்ட வேண்டிய வெறும் தண்ணீரில் 6 காட்டியது. கண்ணாடித் தண்டுக்குள் ஒட்டியிருந்த அளவுத்தாள் பசை விட்டு நகர்ந்திருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவே இல்லை. நாளைக் காலை பால்காரரின் கருவியை உங்கள் வீட்டுத் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பசும்பாலில் 3.2 சதவீதம் கொழுப்பும், 8.3 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது விதி. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவுப்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்துகொள்ளலாம். சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பால் தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

நகராட்சி பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. 2011 ஆகஸ்டில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல், பால் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. மனுவை அவருக்கு அனுப்புங்கள். ஆனாலும், வந்த மனுவை உரிய இடத்துக்கு அனுப்பிவைக்காமல் கிடப்பில் போடுவது எந்த அலுவலகத்துக்கும் அழகல்ல.

‘நாட்டு மாட்டுப் பால், காய்ச்சினால் சத்து போய்விடும், அப்படியே குடியுங்கள்’ என்கிறார் பண்ணைக்காரர். குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

கூடாது. காய்ச்சுங்கள். காய்ச்சாத பால் வழியாக மாட்டுக் காசநோயும் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சலும் வரும். நாட்டு மாடு என்பதால் கிருமி விலகிப் போகாது.

மகள் காரைக்குடியில் வேலை பார்க்கிறாள். நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீட்டை லேடீஸ் ஹாஸ்டலாக்கியிருக்கிறார்கள். இருவர் அறை என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கினார்கள், இப்போது ஆறு பேர். முற்றத்தையும் தகரம் போட்டு மூடிக் கட்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் மூன்று வாரமாக இருமுகிறாள். காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாதாம்.
– ஒரு தாய், சிங்கம்புணரி

படிக்கவே வேதனையாக இருக்கிறது அம்மா. உங்கள் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் உள்ளறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் முற்றத்து வழியாகத்தான் இறங்கும். அதை மூடிவிட்டால் ஒருவர் இருமும் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்க வேண்டும். காசநோய் பரவுவது அப்படித்தான்.

முதலில் அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை அவசியம். அது இலவசம்.

பெண்கள் விடுதி நடத்த, 2014-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கலெக்டருக்கும் மாவட்ட சமூகநல அலுவலருக்கும் எழுதுங்கள். மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கும் தனி மனு கொடுங்கள். ஆள் அடைத்த வீட்டில் நெரிசலைக் குறைக்க வைக்க 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தகரம் போட்ட முற்றத்தையும் அறையிலுள்ள கட்டில்களையும் போட்டோ எடுத்து இணையுங்கள்.

இருவர் அறைக்குப் பணம் வாங்கி ஆறு பேரைப் போட்டது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சரிவரவில்லை என்றால் சிவகங்கை நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கே வழக்குக் கட்டணமும் கிடையாது. அட்வான்ஸ் கொடுத்த ஜிபே பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

போட்டோவில் பார்த்து வாடகை வீட்டுக்கு 40,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். நேரில் போனால் நாலு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. ரசீதும் இல்லை.
– வாசகர், புதுவயல்

பஸ் ஏறிப் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வர அப்படி என்ன அவசரம்? இந்தப் பத்தியில் இதை எத்தனை முறைதான் எழுதுவது! வங்கிக் கணக்கு வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.

பால்காரர் எவர்சில்வர் டம்ளரில் அளந்து ஊற்றுகிறார். சரியா?
– வாசகர், கோட்டையூர்

சரியில்லை. முத்திரை குத்திய லிட்டர் அளவையில்தான் ஊற்ற வேண்டும். புகாரைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வருக்கு அனுப்புங்கள்.